தாழ்ந்த குரலில் ஒரு ராப்: அண்டர்கிரவுண்ட் ஹிப்ஹாப்பின் ஈர்ப்பு எங்கே இருக்கிறது?

காசீம் ரையன் நியூயார்க் தீயணைப்புத் துறையில் இருபது ஆண்டுகள் பணியாற்றிக் கேப்டன் நிலைக்கு உயர்ந்தவர்; 2001 செப்டம்பர் 11 அன்று களத்துக்கு விரைந்த வீரர்களில் ஒருவர். அதே மனிதர் பணி முடிந்த நேரங்களில், ‘கா’ என்ற பெயரில், புரூக்ளினின் பிரவுன்ஸ்வில் பகுதியில் கழிந்த தம் இளமையைப் பற்றிக் கிசுகிசுப்புக்குச் சற்றே மேலான குரலில் ராப் பாடி, இசையில் பெரும்பகுதியைத் தாமே அமைத்து, வீடியோக்களையும் தாமே இயக்கி, அச்சான இசைத்தட்டுகளைத் தெருவோரத்தில் நின்று தம் கையாலேயே விற்றார். (தமிழில் ‘கா’ என்றால் ‘காப்பாற்று’ என்று பொருள் வருவது வெறும் தற்செயல், என்றாலும் ஒரு தீயணைப்பு வீரருக்கு இதைவிடப் பொருத்தமான புனைபெயரை எந்தத் தமிழாசிரியராலும் வைத்திருக்க முடியாது.) 2024 அக்டோபர் 12 அன்று, 52ஆவது வயதில், அவர் இறந்தபோது, வானொலியில் ஓடி வெற்றிபெற்றது என்று சொல்லத்தக்க ஒரு பாடல்கூட அவர் கணக்கில் இல்லை. ஆனால் அவருடைய ஆல்பங்களை வரிவரியாகப் பிரித்துப் படித்தவர்கள், ஒரே பாடலை ஆண்டுக்கணக்கில் கேட்டுவிட்டு அதில் புதிதாக ஒரு பொருளைக் கண்டெடுத்தவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். பெரிய நிறுவனங்களுக்கும் வானொலிக்கும் வெளியே வாழும் இந்த இசையைத்தான் அண்டர்கிரவுண்ட் ஹிப்ஹாப் என்கிறார்கள்; இவ்வளவு அடக்கமாகப் பேசும் ஓர் இசை இவ்வளவு பிடிவாதமான கேட்பவர்களை எப்படிச் சம்பாதிக்கிறது என்பது விளக்கப்பட வேண்டிய செய்திதான்.

பொதுவாகக் கிடைக்கும் விடை, இது “அறிவார்ந்த ராப்” என்பது. அந்த அடைமொழியில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியில், மற்ற ராப்பெல்லாம் அறிவற்றது என்னும் மேட்டிமை ஒளிந்திருக்கிறது. எனக்குத் தோன்றுவது வேறு. இந்த இசை எதிரே ஒரு கூட்டம் இருப்பதாக எண்ணிப் பேசுவதில்லை; ஒருவர் மட்டும் அமர்ந்திருப்பதாக எண்ணிப் பேசுகிறது. ஒரே கேட்பில் எல்லாம் விளங்கிவிட வேண்டும் என்ற கட்டாயத்தை அது பாடுபவர் மீதும் வைப்பதில்லை, கேட்பவர் மீதும் வைப்பதில்லை. இந்தச் சுதந்திரத்தை யாரும் திட்டமிட்டு உருவாக்கவில்லை என்பதும், பெருமளவுக்கு அது சந்தையிலிருந்து வெளியே தள்ளப்பட்டதன் விளைவு என்பதும்தான் இதன் வரலாற்றில் கவனிக்க வேண்டியவை.

ஏனெனில் ஹிப்ஹாப் பிறப்பிலேயே கூட்டத்தின் கலை. 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்ஸில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையில் தம் தங்கை ஏற்பாடு செய்த கொண்டாட்டத்துக்கு டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டுகளை ஓட்டியதைத்தான் அதன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். மைக்கைப் பிடித்தவரின் வேலை, ஆடுகிறவர்களைச் சோர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது. 1982இல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவின் பெயரில் வெளிவந்த ‘தி மெசேஜ்’, சேரி வாழ்க்கையின் மூச்சுத்திணறலை மெதுவான தாளத்தில் சொன்னபோது, அந்தக் குழுவினரே அதைப் பாடத் தயங்கினார்கள். கொண்டாட்டத்துக்கு வந்தவர்கள் வீட்டுக் கவலையை எதற்காகக் கேட்க வேண்டும் என்பது அவர்களுடைய நியாயமான ஐயம். அந்தப் பாடல் பெற்ற வெற்றி ஓர் உண்மையை நிறுவியது: ஆடாமல் நின்று கேட்பதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

நின்று கேட்பவர்களுக்கான மொழியை வடித்தவர் ராகிம் என்ற ராப்பர். டிஜே எரிக் பி.யுடன் சேர்ந்து 1987இல் அவர் வெளியிட்ட முதல் ஆல்பத்துக்கு முன்பு, ராப் வரிகளில் ஒலியொப்புமை பெரும்பாலும் வரியின் கடைசியில்தான் வந்தது. நம் யாப்பில் இயைபு என்று சொல்வதைப் போல. சாக்சபோன் வாசித்துப் பழகியவரும் ஜான் கோல்ட்ரேனின் ஜாஸில் ஊறியவருமான ராகிம், ஒத்த ஒலிகளை வரியின் நடுவிலும் தொடக்கத்திலும் சிதறவிட்டார்; ஒரு வாக்கியத்தை வரியின் எல்லையைத் தாண்டி அடுத்த வரிக்குள் ஓடவிட்டார்; இவை எல்லாவற்றையும் குரலை உயர்த்தாமலேயே செய்தார். முன்னவர்கள் கத்திய இடத்தில் அவர் பேசினார். பின்னால் வந்த அகநோக்கு ராப் முழுவதும் இந்த அமைதியான குரலிலிருந்து கிளைத்தது என்று சொன்னால் அது பெரிய மிகையாகாது.

ஆனால் குரல் மட்டும் போதாது. அதைக் கேட்கப் பழகிய காதுகளும் வேண்டும். லாஸ் ஏஞ்சலஸின் தென்பகுதியில் ‘குட் லைஃப் கஃபே’ என்ற ஆரோக்கிய உணவுக் கடையில் 1989இன் இறுதியில் தொடங்கிய வியாழக்கிழமை இரவு மேடை அத்தகைய காதுகளை உருவாக்கியது. யார் வேண்டுமானாலும் மேடையேறலாம். ஆனால் வசைச்சொல் கூடாது. வன்முறைத் தெருவாழ்வைப் பாடும் கேங்ஸ்டா ராப் கொடிகட்டிப் பறந்த அதே நகரத்தில், அதே ஆண்டுகளில், இந்த ஒரு விதி எளிதாகக் கைதட்டல் வாங்கும் வழியை அடைத்துவிட்டது. சரக்கில்லாமல் பாடினால், மைக்கைத் தயவுசெய்து அடுத்தவரிடம் கொடுங்கள் என்று கூட்டமே சேர்ந்து கோஷமிடும். மேடையில் நிற்பவர் எவ்வளவு பெயர்பெற்றவர் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஜாஸ் பாடகர்கள் சொற்களை உடைத்து ஒலியாக்குவதைப் போல ராப்பை உடைத்துப் பாடிய ஃப்ரீஸ்டைல் ஃபெல்லோஷிப் குழு இங்கேதான் கூர்தீட்டப்பட்டது. பின்னாளில் திரைப்பட இயக்குநராகப் புகழ்பெற்ற ஏவா டுவர்னேயும் இதே மேடையில் பாடியவர். 2008இல் அந்த இடத்தைப் பற்றி ஓர் ஆவணப்படமும் எடுத்தார். ‘அறிவார்ந்த’ என்ற அடைமொழி யாருக்காவது உரியது என்றால், பாடியவர்களைவிட அந்தக் கூட்டத்துக்கே முதலில் உரியது என்பேன்.

நியூயார்க்கில் இதே வேலையை ஒரு கல்லூரி வானொலி செய்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டபிள்யூகேசிஆர் நிலையத்தில், 1990 முதல் 1998 வரை, வியாழன் நள்ளிரவு ஒரு மணிக்குத் தொடங்கி விடியற்காலை ஐந்து மணிவரை ஸ்ட்ரெச் ஆம்ஸ்ட்ராங்கும் பாபிட்டோ கார்சியாவும் நடத்திய நிகழ்ச்சியில், ஒப்பந்தம் ஏதும் இல்லாத இளைஞர்கள் வந்து பாடினார்கள். கேட்டவர்கள் அதைக் கேசட்டில் பதிந்து, மறுநாள் நண்பர்களுக்குக் கைமாற்றினார்கள். அந்த நேரத்தில் விழித்திருந்து, காதில் ஹெட்போனோடு, வீட்டில் மற்றவர்கள் தூங்கும்போது தனியாகக் கேட்கும் ஒருவரை மனத்தில் வைத்துப் பாடும்போது பாட்டின் தன்மையே மாறிவிடுகிறது.

இதற்கு நேர்மாறான திசையில் பெரிய வானொலி போய்க்கொண்டிருந்தது. ஒரு நிறுவனம் நாடு முழுவதும் இத்தனை வானொலி நிலையங்களைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்த வரம்பை 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் அகற்றியது. அதற்கு முன்பு நாற்பது நிலையங்களோடு நின்றிருக்க வேண்டிய கிளியர் சேனல் நிறுவனம், சில ஆண்டுகளிலேயே 1,200க்கும் மேற்பட்ட நிலையங்களைக் கைக்குள் கொண்டுவந்தது. எந்தப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்பதை ஊர்தோறும் ஒருவர் முடிவுசெய்த நிலை போய், தலைமை அலுவலகத்தின் பட்டியல் ஊர்களை ஆளத் தொடங்கியது. அந்தப் பட்டியலில் இடம்பிடிக்கப் பல்லவி எளிதில் மனத்தில் பதிய வேண்டும். பாட்டு மூன்றரை, நான்கு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். தாளம் காரில் கேட்டாலும் அதிர வேண்டும்.

இடம் கிடைக்காது என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு இந்த விதிகள் எதுவும் பொருந்தவில்லை. 1997இல் கம்பெனி ஃப்ளோ குழு சுயேச்சை நிறுவனம் ஒன்றின் மூலம் வெளியிட்ட முதல் முழு ஆல்பம், இடைவெளியே இல்லாமல் சொற்களை அடுக்கி, கரடுமுரடான இரைச்சலின் மேல் அவற்றைக் கொட்டியது. அந்தக் குழுவின் எல்-பி 1999இல் டெஃபினிட்டிவ் ஜக்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். மினியாபொலிஸில் அதற்கும் முன்பே ரைம்சேயர்ஸ் என்ற சுயேச்சை நிறுவனம் தொடங்கியிருந்தது. அங்கிருந்து வந்த அட்மாஸ்ஃபியர் குழுவின் ஸ்லக், தம் காதல் தோல்விகளையும் குடிப்பழக்கத்தையும் தம்மையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திப் பாடினார். தற்பெருமையை அடிப்படை இலக்கணமாகக் கொண்ட ஒரு கலையில் இது சிறிய மீறலன்று. பெரிய நிறுவனங்களின் கணக்குப்படி சில லட்சம் தட்டுகள் விற்றும் கடனாளியாக நிற்கும் கலைஞர்கள் இருந்த காலத்தில், செலவைக் கழித்துவிட்டு லாபத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் சுயேச்சை ஏற்பாட்டில் சில ஆயிரம் தட்டுகள் விற்றாலே பாடகருக்கு வாடகை கட்டப் பணம் கிடைத்தது. அந்தச் சில ஆயிரம் பேருக்கு எழுதினால் போதும் என்ற நிலை வந்தபின், எல்லோருக்கும் புரியும்படி எழுத வேண்டிய தேவை தானாகவே மறைந்தது.

விலக்கப்படுதல் ஒரு கலைஞரை எப்படித் திருப்பிவிடும் என்பதற்கு ராப்பர் எம்எஃப் டூமைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. லண்டனில் பிறந்து லாங் ஐலண்டில் வளர்ந்த அவர் (இயற்பெயர் டேனியல் டூமிலே), தம்பி சப்ராக்குடன் கேஎம்டி என்ற குழுவில் இருந்தார். 1993இல் தம்பி கார் மோதி இறந்தார். மறு ஆண்டு, முடிந்துவிட்டிருந்த ஆல்பத்தை அதன் அட்டைப்படத்தைக் காரணம் காட்டி நிறுவனம் கைவிட்டது. சில ஆண்டுகள் காணாமற்போன அவர், 1990களின் பிற்பகுதியில் நியூயார்க்கின் நியூயோரிக்கன் போயட்ஸ் கஃபேயின் மேடையில் பெண்கள் அணியும் காலுறையை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டு தோன்றினார். பிறகு உலோக முகமூடி வந்தது. முகமூடியின் பின்னால் இருந்தவர் தம்மைப் படர்க்கையில் குறிப்பிடும் ஒரு வில்லன் பாத்திரம். தம்மை மறைத்துக்கொண்ட மனிதரின் பாடல்களை அகநோக்கு என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். 1999இல் வந்த முதல் ஆல்பத்தில், வேடிக்கையும் கிண்டலுமாக ஓடும் வரிகளுக்கு நடுவே திடீரெனத் தம்பியின் நினைவு தலைகாட்டும் இடத்தைக் கேட்டவருக்கு இந்தக் கேள்வி எழாது. முகம் தெரியாதபோது சொற்களைத் தவிரப் பார்ப்பதற்கு வேறெதுவும் மிஞ்சுவதில்லை. இசையமைப்பாளர் மேட்லிபுடன் சேர்ந்து 2004இல் வெளியிட்ட ‘மேட்வில்லனி’ 22 துண்டுகளை 46 நிமிடங்களில் சொல்லி முடிக்கிறது. பல்லவி என்று ஒன்று பெரும்பாலான பாடல்களில் கிடையாது. பல, சூடு பிடிக்கும்போதே நின்றுவிடுகின்றன. நின்றுவிடுவதால் கை மறுபடியும் தொடக்கத்துக்குத் திருப்புகிறது.

மறுபடி கேட்கவைக்கும் இந்த உத்தியில் சிலேடைக்குப் பெரிய பங்கு உண்டு. இங்கே மீண்டும் காவிடம் வர வேண்டும். அவருடைய 2013 ஆல்பத்தின் பெயர் ‘தி நைட்ஸ் கேம்பிட்’. சதுரங்கத்தில் ஒரு காயைப் பலிகொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவதைக் கேம்பிட் என்பார்கள். ‘நைட்’ என்ற ஒலிக்கு ஆங்கிலத்தில் இரவு என்றும் பொருள், எழுத்தை மாற்றினால் சதுரங்கக் குதிரை என்றும் பொருள். தமிழில் எழுதும்போது அந்த எழுத்து வேறுபாடும் போய்விடுவதால், சிலேடை நமக்கு ஆங்கில வாசகரைவிட முழுமையாகவே கிடைக்கிறது. ஆல்பம் முழுவதும் இரவில் தெருமுனையில் நிற்கும் சிறுவர்களும் பலகையின் மேல் நகர்த்தப்படும் காய்களும் ஒருவரை ஒருவர் குறிக்கிறார்கள். 2018இல், அனிமாஸ் என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து, கிரேக்கத் தொன்மத்தின் இசைக்கலைஞன் ஆர்ஃபியஸை எடுத்துக்கொண்டார். அங்கே ‘சைரன்கள்’ என்றால் பாட்டால் மாலுமிகளை மயக்கிப் பாறையில் மோதவைக்கும் பெண்ணுருவங்கள். பாடுகிறவர் தீயணைப்பு வண்டியில் பயணித்த மனிதர் என்று தெரிந்த ஒருவருக்கு, பிரவுன்ஸ்வில் தெருக்களில் இரவெல்லாம் போலீஸ் வண்டிகள் ஊளையிட்ட கதையைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, அந்தச் சொல் தொன்மத்தோடு நிற்காது. காளமேகத்தின் பாட்டில் பாம்பையும் எள்ளையும் ஒரே வரியில் பார்த்துப் பழகிய நமக்கு இந்த இன்பம் அந்நியமானதன்று. வேறுபாடு என்னவென்றால், காளமேகம் சபைக்கு முன்னால் வித்தை காட்டினார், இவர் அந்த வித்தையைக் காதில் விழாமலே போய்விடக்கூடிய அளவுக்குத் தாழ்ந்த குரலில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். கண்டுபிடித்தால் கண்டுபிடியுங்கள்.

அவருடைய இசையமைப்பும் இதற்கு இசைவானது. தாளமேளம் ஏறக்குறைய இல்லை. பழைய தட்டு ஒன்றிலிருந்து வெட்டியெடுத்த ஒரு கித்தார் இழையோ வயலின் முனகலோ திரும்பத் திரும்பச் சுழல்கிறது. லாங் ஐலண்டின் ராப்பர் ராக் மார்சியானோ 2010இல் திறந்த இந்த வழியில் கா இன்னும் தொலைவுக்குப் போனார். மேளம் உடம்புக்கு ஆணையிடும் கருவி. அதை எடுத்துவிட்டால், தாளத்தைத் தாங்கும் பொறுப்பு முழுவதும் அசைகளின் மேல் விழுகிறது. கேட்பவர் தம்மை அறியாமலேயே சொல்லை எண்ணத் தொடங்குகிறார். இந்த இசைக்குரிய அந்த மங்கலான, தூசு படிந்த ஒலிக்கும் ஒரு தொழில்நுட்பப் பின்னணி உண்டு. தட்டுகளிலிருந்து ஒலித்துண்டுகளை வெட்டிப் பதியும் எஸ்பி-1200 என்ற, 1987இல் வந்த கருவி ஏறத்தாழப் பத்து விநாடி ஒலியை மட்டுமே நினைவில் கொள்ளும். அந்தப் பத்து விநாடியை மிச்சப்படுத்துவதற்காக 33 சுற்றுத் தட்டை 45 சுற்று வேகத்தில் ஓட்டிப் பதிந்து, பிறகு கருவிக்குள் வேகத்தைக் குறைத்தார்கள். அதில் ஒலி சற்றே சிதைந்து கரகரத்தது. சிக்கனத்துக்காகச் செய்தது அழகியலாகிவிட்டது. இன்று எல்லையற்ற நினைவகம் உள்ள கணினியிலும் அந்தக் கரகரப்பைச் செயற்கையாகச் சேர்ப்பதற்கு மென்பொருள் விற்கிறார்கள்.

அறிவு என்பதை எண்ணிப் பார்த்துவிடலாம் என்று நினைத்தவரும் உண்டு. தரவு ஆய்வாளர் மாட் டேனியல்ஸ் 2014இல் ஒவ்வொரு ராப்பரின் முதல் 35,000 சொற்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் எத்தனை தனிச்சொற்கள் இருக்கின்றன என்று கணக்கிட்டார். டெஃபினிட்டிவ் ஜக்ஸ் நிறுவனத்தில் ஆல்பங்கள் வெளியிட்டிருந்த ஈசாப் ராக் 7,392 சொற்களுடன் முதலிடத்தில் வந்தார். அதே முறையில் கணக்கிட்டபோது ஷேக்ஸ்பியருக்கு 5,170, நாவலாசிரியர் ஹெர்மன் மெல்வில்லுக்கு 6,022. செய்தி பரவியது, ரசிகர்கள் பூரித்துப்போனார்கள். ஒரே சொல்லின் வெவ்வேறு வடிவங்களையும் அந்தக் கணக்கு தனிச்சொற்களாகவே எடுத்துக்கொண்டது என்பதை ஒருபுறம் வைத்துவிட்டாலும், இந்த எண் எதை நிறுவுகிறது என்பது எனக்கு விளங்கவில்லை. 2001 செப்டம்பரில் வெளிவந்த ஈசாப் ராக்கின் ‘லேபர் டேஸ்’ ஆல்பத்தில் பலரும் முதலில் நினைவுகூரும் பாடல்களுள் ஒன்று, லூசி என்ற பெண்ணின் கதை: சிறுமியாகத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைகிறாள், வளர்ந்தும் வரைகிறாள், கிழவியாகியும் வரைகிறாள், அவ்வளவுதான். அகராதியே தேவைப்படாத எளிய சொற்களில் சொல்லப்பட்ட கதை. ஓவியம் படித்துவிட்டு ராப்புக்கு வந்த அவர், பதினைந்து ஆண்டுகள் கழித்து, தாம் வரைவதைக் கைவிட்ட குற்றவுணர்வைப் பற்றி வேறொரு பாடல் எழுதினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும்போது லூசி யாரென்று புரிகிறது. அந்தப் புரிதலுக்கு 7,392 என்ற எண் எந்த உதவியும் செய்வதில்லை.

மறைத்துப் பேசுவதைப் பற்றிச் சொல்லும்போது, இன்னும் இளைய ராப்பரான எர்ல் ஸ்வெட்ஷர்ட்டின் ‘சம் ராப் சாங்ஸ்’ ஆல்பத்தைத் தவிர்க்க முடியாது. 2018இல் வந்தது, 15 பாடல்கள், மொத்தம் 25 நிமிடங்களுக்கும் குறைவு. அவருடைய தந்தை கெயோரபெட்சே க்கொசிட்சிலே தென்னாப்பிரிக்காவின் தேசியக் கவிஞர். ராப்பின் மூதாதையர் என்று கருதப்படும் ‘தி லாஸ்ட் போயட்ஸ்’ குழு 1968இல் ஹார்லெமில் தோன்றியபோது தன் பெயரை எடுத்துக்கொண்டதே அந்தத் தந்தையின் கவிதையிலிருந்துதான். ஆனால் மகன் சிறுவனாக இருந்தபோதே அவர் குடும்பத்தை விட்டு விலகியிருந்தார். ஆல்பத்தின் இறுதியை நெருங்கும்போது, சட்டப் பேராசிரியரான தாய் ஓர் அரங்கில் ஆற்றிய உரையையும் தந்தை கவிதை வாசிக்கும் குரலையும் எர்ல் பின்னிவைக்கிறார். அந்தப் பகுதியில் அவர் ஒரு சொல்லும் பேசுவதில்லை. பிரிந்துபோன இருவரும் மகனின் ஒலிநாடாவில் மட்டும் ஒரே அறையில் இருக்கிறார்கள். ஆல்பம் வெளியாகும் முன்பே, அந்த ஆண்டு ஜனவரியில், தந்தை காலமாகிவிட்டார். இதையெல்லாம் அறியாமல் கேட்டால் அது தெளிவற்ற இரண்டு குரல்கள் உரசும் இரண்டு நிமிடம், அவ்வளவே. விளக்கக்குறிப்பு கொடுக்காமல் இதை நம் கையில் வைத்துவிட்டுப் போகும் துணிச்சல்தான், என் கணிப்பில், இந்த வகை இசையின் மையமான கவர்ச்சி.

இதற்கு ஒரு நிழலும் உண்டு. புரியாமையைப் பொறுத்துக்கொள்ளும் கேட்பவர், நாளடைவில் புரியாமையையே தம் தகுதிச் சான்றிதழாக அணிந்துகொள்ளக்கூடும். கறுப்பினப் பகுதிகளில் பிறந்த இந்த இசையின் கச்சேரிகளில், 2000களின் தொடக்கத்திலிருந்து, வெள்ளையினக் கல்லூரி மாணவர்களே பெருவாரியாக நின்றார்கள் என்பது ரகசியமன்று. தெருவின் கொண்டாட்ட ராப்பை இழிவாகப் பேசுவதற்கு இந்தப் பாடல்களைக் கைத்தடியாகப் பயன்படுத்தியவர்களும் அவர்களில் இருந்தார்கள். பாடியவர்கள் அப்படி நினைக்கவில்லை. கா சொன்ன கதைகளில் இருப்பதும் போதைப்பொருள், துப்பாக்கி, இறந்த நண்பர்கள்தான். பெரிய வானொலி ராப் சொன்னதும் அவற்றைத்தான். அவற்றிலிருந்து தப்பித்தவரின் கூச்சமும் இழந்தவரின் கணக்கும் கா சொல்லும்போது கூடவே வருகின்றன. 2016இல் நியூயார்க் நாளிதழ் ஒன்று அவரைக் காவல்துறைக்கு எதிராகப் பாடும் தீயணைப்புக் கேப்டன் என்று பரபரப்பாக எழுதியபோது, பாடலின் பாத்திரத்தையும் பதவியில் இருக்கும் மனிதரையும் பிரித்துப் பார்க்கும் எளிய பழக்கம்கூட அந்தச் செய்தியில் இல்லை. ‘அறிவார்ந்த’ என்ற முத்திரை அந்த நாளில் அவரைக் காப்பாற்றவில்லை.

காவின் கடைசி ஆல்பம் 2024 ஆகஸ்டில் வந்தது. எப்போதும்போல முதலில் தம் இணையதளத்திலேயே விற்றார். அமெரிக்கக் கறுப்பினத் தேவாலயங்களின் பழைய பாடற்குழுக்களிலிருந்து வெட்டியெடுத்த ஒலிகளின் மேல், அடிமைகளுக்கு ஆறுதலாகவும் அவர்களை அடக்கும் கருவியாகவும் ஒரே நேரத்தில் இருந்த ஒரு மதத்தோடு வாதிடுகிறார். கடவுளை மறுக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. பின்னணியில் பல குரல்கள் முழுத்தொண்டையில் கர்த்தரை அழைக்கின்றன. முன்னால் அவர், பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு மட்டும் கேட்டால் போதும் என்பதுபோல, பேசிக்கொண்டே போகிறார்.